லாரி வராத தெருவுக்கு ஒரு குரல்

சாந்தோம்
8 ஜூன் 2024

திரு. ஷரஃபுதீன் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் ஃப்ளோரா. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கிறேன். நீங்கள் எடுத்த ‘லாரி வராத தெரு’ படத்தில் கதாநாயகியாக நடித்த ஷெரில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண். அவளிடம்தான் உங்கள் முகவரியை வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தாள். போனில் பேசினால் குரலை உயர்த்திவிடுவேன் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் கணவர் மேத்யூவுக்கு ஏழு வருடங்களுக்கு முன்னால் கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. அவருக்கு சினிமா என்றால் சாப்பாடு வேண்டாம். பார்வை போன பிறகும் தியேட்டருக்குப் போக வேண்டும் என்றார். போனோம். திரையில் நடப்பதையெல்லாம் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, “கதை சொல்றதுன்னா வூட்டுக்குப் போய்ச் சொல்லும்மா” என்றார். அன்றோடு தியேட்டருக்குப் போவது நின்றுபோனது.

வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அவருடைய நண்பர்கள், பார்வை இல்லாதவர்கள், ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இப்போது நாங்கள் ஒரு வட்டமாகவே இருக்கிறோம். வசனங்களுக்கு நடுவே இடைவெளி வரும் அல்லவா, அந்த இடத்தில் திரையில் தெரிவதை நான் சொல்வேன். படத்தின் ஒலியோடு சேர்த்துப் பதிவு செய்து இணையத்தில் எங்கள் சேனலில் போட்டு வைப்போம். படம் இருக்காது, ஒலி மட்டும்தான். விளம்பரம் கிடையாது. யாரிடமும் காசு வாங்குவது கிடையாது.

சென்ற வாரம் உங்கள் படத்தின் பதிவை நீக்கிவிட்டார்கள். பதிப்புரிமையை மீறிவிட்டோம் என்கிறார்கள். நோட்டீஸில் தயாரித்து இயக்கியவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. எங்கள் சேனல் மேல் இது மூன்றாவது புகார். இதுவும் நிலைத்துவிட்டால் சேனலையே மூடிவிடுவார்களாம். இத்தனை வருடங்களாகப் பேசிப் பதிவு செய்த படங்கள் எல்லாம் போய்விடும்.

கண் தெரியாத மனிதர்கள் உங்கள் படத்தைக் கேட்பதால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து புகாரைத் திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
ஃப்ளோரா மேத்யூ

---

பாலவாக்கம்
14 ஜூன் 2024

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். புகார் கொடுத்தது நான் இல்லை. கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை.

படம் 2019இல் வெளிவந்தது. தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கடனை அடைக்க, டிஜிட்டல் உரிமை மொத்தத்தையும் தேனாம்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் தங்கள் ஆப்பில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பார்க்க ஆள் இல்லை என்று போன வருடம் எடுத்துவிட்டார்கள். வேறு எங்கேயும் நான் போடக் கூடாது, ஒப்பந்தம் அப்படி.

‘உங்களிடம் ஒரு பிரதிகூடவா இல்லை’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. தியேட்டருக்கு அனுப்பிய ஹார்ட் டிஸ்க் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பூட்டு உண்டு. எந்தத் தியேட்டரில், எந்தத் தேதிவரை ஓட்டலாம் என்று கம்ப்யூட்டரில் ஒரு சாவி கொடுப்பார்கள். அந்தச் சாவியின் தேதி முடிந்துவிட்டது. படம் உள்ளே இருக்கிறது. என்னால் திறக்க முடியாது. எடிட்டிங் செய்த மூலக் கோப்புகள் இருந்த கம்ப்யூட்டர் போன டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது.

ஆக, என் படத்தை நானே பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது. அது இப்போது இந்த உலகத்தில் எங்கேயாவது இருக்கிறது என்றால், அது உங்கள் வீட்டில்தான்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். அந்தப் பதிவை எனக்கு அனுப்ப முடியுமா?

ஷரஃபுதீன்

---

சாந்தோம்
19 ஜூன் 2024

அன்புள்ள ஷரஃபுதீன் அவர்களுக்கு,

கடிதத்தை மேத்யூவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹார்ட் டிஸ்க் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. “இன்னா ஃப்ளோரா இது. படம் எடுத்த ஆளாலயும் படத்தைப் பாக்க முடியலியா. அப்ப அவரும் நம்ம வட்டம்தான். சேத்துக்கோ” என்றார்.

உங்களைத் திட்டியதற்கு வருந்துகிறேன். பென் டிரைவில் பதிவை வைத்து ஷெரிலிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பாலவாக்கம் வருவாள்.

இந்தப் படத்தை எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவே சண்டை போடுமே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள்.

ஃப்ளோரா

---

பாலவாக்கம்
27 ஜூன் 2024

டீச்சருக்கு,

கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? குடங்கள் உருளும் சத்தம், ஷெரில் மூச்சு வாங்கியபடி மாடிப்படி ஏறும் சத்தம், எல்லாம் அப்படியே இருந்தது. தெருச் சண்டையில் நானே வாய்விட்டுச் சிரித்தேன். சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்கிறார் என்று சொல்கிறீர்கள். அவர் கோர்க்கவில்லை, கோர்க்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார். மாடியில் காய்வது பச்சைப் புடவை இல்லை, நீலம். அதைக்கூட விட்டுவிடலாம். கடைசிக் காட்சியை விட முடியாது.

நாள் முழுக்கக் காத்திருந்த பிறகு லாரி வருகிறது. தெருவே ஓடுகிறது. கோமளம் என்ற பாத்திரத்தில் நடிக்கும் ஷெரில் மட்டும் காலிக் குடத்தோடு நின்ற இடத்திலேயே நிற்கிறாள். காமிரா அவள் முகத்துக்குப் போகிறது. அங்கே நீங்கள், ‘அவள் சிரிக்கிறாள்’ என்று சொல்கிறீர்கள்.

அவள் சிரிக்கவில்லை, டீச்சர். அவள் சிரிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஒரு ஷாட்டை ஒரு பகல் முழுக்க எடுத்தேன். சிரித்துவிட்டால் லாரி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். நான் எடுத்த படம் அது இல்லை. ஒரு வார்த்தையில் என் படத்தை வேறு படமாக்கிவிட்டீர்கள். பதிவு செய்வதற்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஷரஃபுதீன்

---

சாந்தோம்
2 ஜூலை 2024

திரு. ஷரஃபுதீன்,

அவள் சிரித்தாள். நான் பார்த்தேன். உதடு பிரியவில்லை, கண் சிரித்தது.

உங்களுக்கு ஒரு பகல் முழுக்க நேரம் இருந்தது. எனக்கு அந்த இடத்தில் கிடைத்தது லாரியின் ஹாரனுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம். அதற்குள், ‘உதடு பிரியவில்லை, ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று, அது சிரிப்பா என்று இயக்குநரைக் கேட்க வேண்டும்’ என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்கிறீர்கள். அந்த வரியை மேத்யூவுக்கு வாசிக்கவில்லை. உங்கள் பெயர் வட்டத்தில் எவ்வளவு மரியாதையாகச் சொல்லப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

கம்பெனியின் புகாரை எதிர்த்து நான் எழுதியிருந்த மனுவைத் திரும்பப் பெற்றுவிடப் போகிறேன். உங்கள் படத்தை எங்கள் பட்டியலிலிருந்து நாங்களே எடுத்துவிடுகிறோம். பணிந்துபோனால் கம்பெனி புகாரை விட்டுவிடலாம், மற்றப் படங்களாவது பிழைக்கிறதா பார்ப்போம்.

ஃப்ளோரா மேத்யூ

---

பாலவாக்கம்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

இத்தனை வாரங்களாக நான் எழுதாதது கோபத்தால் இல்லை. வெறும் மன்னிப்பை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் ஏதாவது கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது கிடைத்திருக்கிறது.

முதலில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த மறுநாள் மேத்யூ சார் எனக்குப் போன் செய்தார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். இப்போது சொல்லிவிடலாம் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

“தம்பி, நீ எழுதுன லெட்டரை அவ பாதிதான் படிச்சா. மீதியை ஷெரில்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். நல்லா சண்டை போடு, அதுல தப்பே இல்ல. ஆனா படத்தை எடுத்துட வுட்டுறாத. அவ சிரிச்சான்றா, நீ சிரிக்கலன்றே. நான் யாரை நம்புறது நைனா? என்னியும் கொஞ்சம் யோசிக்க வுடுங்களேன்” என்றார்.

 போனை வைத்ததும் என் தங்கை ஃபிசாவிடம் போனேன். அவள் வக்கீல். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, “அண்ணே, உன் படத்துக்கு இருக்கிறதே இவங்கதான். இவங்ககூடவா சண்டை போட்டே?” என்று கேட்டாள். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்தாள்.

டீச்சர், நீங்கள் அனுமதி கேட்டிருக்கவே வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளால் அப்படியே அனுபவிக்க முடியாத ஒரு படைப்பை, அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில், லாபம் பார்க்காமல் செய்து தரலாம் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 2012இல் சேர்த்தார்களாம். நான் மறுத்திருந்தாலும் என் மறுப்பு செல்லாது. ஃபிசா இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு தப்பு மட்டும் நம் பக்கம் இருக்கிறது என்றாள். யார் வேண்டுமானாலும் கேட்கும்படி சேனலைத் திறந்து வைக்கக் கூடாது. பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் போகும்படி உறுப்பினர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து மூட வேண்டும்.

இரண்டு பேரும் தேனாம்பேட்டை கம்பெனிக்குப் போனோம். ஜவஹர் என்று ஒருவர், உரிமைகள் பிரிவுக்குப் பொறுப்பாளர். நல்ல மனிதர். படத்தின் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “சார், இந்தப் படம் எங்ககிட்டயா இருக்கு?” என்று என்னையே கேட்டார்.

“உங்ககிட்ட இருக்கிறதே தெரியாம புகார் எப்படி சார் குடுத்தீங்க?” என்றாள் ஃபிசா.

“நாங்க குடுக்கலை மேடம். இணையத்துல எங்க படத்தோட சத்தம் வந்தா மெஷினே கண்டுபிடிச்சு மெஷினே புகார் அனுப்பிடும்.”

“அப்ப மெஷினைக் கூப்பிடுங்க, அதுகிட்ட பேசிக்கறேன்.”

ஜவஹர் சிரித்துவிட்டார். சட்டப் பிரிவைப் படித்தார். பிறகு, “அது என்னதான் பதிவுன்னு ஒருவாட்டி கேக்கலாமா?” என்றார். பென் டிரைவைப் போட்டோம். உங்கள் குரல் அந்த அறையில் ஒலித்தது. பக்கத்து மேஜையில் இருந்த பெண் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். தெருச் சண்டை வந்தபோது அறை முழுக்கச் சிரிப்பு. டீச்சர், என் படத்துக்கு ஒரு கூட்டம் சிரித்து நான் கேட்டதே இல்லை. தியேட்டரில் நான் போன காட்சிக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் நாலு பேர் என் சொந்தக்காரர்கள்.

உங்கள் மனுவை நீங்கள் இன்னும் திரும்பப் பெறவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதற்கு நன்றி. அதையே காரணமாகக் காட்டிப் புகாரை ரத்து செய்துவிட்டார்கள். மற்ற இரண்டு புகார்களுக்கும் ஃபிசா அந்தந்தக் கம்பெனிகளுக்கு எழுதியிருக்கிறாள். ஒன்று ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

வட்டத்தில் போட்டுக் காட்டப் படப் பிரதி ஒன்றையும் ஜவஹர் கொடுத்திருக்கிறார். வெளியே போகக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அதை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கூப்பிடுவீர்களா?

ஷரஃபுதீன்

---

சாந்தோம்
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ஷரஃபுதீனுக்கு,

மனுவைத் திரும்பப் பெறுவதற்காக மூன்று முறை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மூன்று முறையும் மேத்யூ டீ கேட்டார். இப்போதுதான் புரிகிறது.

என்னை ஏமாற்றி ஷெரிலிடம் கடிதத்தை வாசிக்கச் சொன்னதற்காக அவரோடு அரை நாள் பேசவில்லை. அதற்கு மேல் முடியவில்லை. ஃபிசாவும் மெஷினும் பேசிய கதையை எல்லாருக்கும் சொல்ல வேண்டுமே. போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

சேனலைப் பூட்டுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மதுரையிலும் திருச்சியிலும் எங்களுக்குத் தெரியாமலே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபிசா சொல்வது நியாயம். அவர்களுக்குச் சேதி சொல்லி ஒவ்வொருவராக உள்ளே கூட்டி வருகிறோம். இப்போதே உறுப்பினர்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள்.

செப்டம்பர் 21, சனிக்கிழமை, லஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஹால் கிடைத்திருக்கிறது. காலைக் காட்சி. நான் மைக்கில் நேரடியாகச் சொல்லப் போகிறேன். நூல் கோர்ப்பதையும் நீலப் புடவையையும் திருத்திக்கொண்டேன். கடைசிக் காட்சியில் என் வாய் ‘சிரிக்கிறாள்’ என்றுதான் சொல்லும், எனக்கு அது தெரியும். அதனால் அந்த இடம் வந்ததும் மைக்கை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் படம், நீங்களே சொல்லுங்கள்.

பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். மேத்யூ மீன் குழம்புக்குச் சொல்லிவிட்டார்.

ஃப்ளோரா

---

பாலவாக்கம்
23 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசியதால் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதனால் பக்கத்தில் இருந்தும் கடிதம்.

படம் ஓடியபோது நான் திரையைவிட ஹாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைப்பக்கம் முகம் திருப்பாமல், தலையைச் சற்றுச் சாய்த்து, அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. ஒரு இயக்குநருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீங்கள் மைக்கை என் கையில் வைத்தபோது என்ன சொல்ல வேண்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். வாரம் முழுக்க எழுதிப் பார்த்திருந்தேன். லாரி ஹாரன் அடித்தது. ஷெரிலின் முகம் வந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. நான் எடுத்த ஷாட்தான். நான் நினைத்ததைவிட அதிகமாக அதில் ஏதோ இருந்தது. அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்த மௌனத்தில் பாட்டு ஆரம்பித்தது. படம் முடிந்தது.

பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. பின்வரிசையிலிருந்து, “அவ அழுதாளா?” என்று ஒரு குரல். “எதுக்கு அழணும்? தண்ணிதான் வந்துடுச்சே” என்று இன்னொன்று. “தண்ணி வந்தா எல்லாம் சரியாப்பூடுமா?” என்று மேத்யூ சார். விளக்கு போட்டும் யாரும் எழவில்லை. ஷெரிலைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார்கள். அவள், “டைரக்டர் சிரிக்காதேன்னு கத்திக்கினே இருந்தாரு, எனக்கு சிரிப்பை அடக்கவே முடியலை” என்று போட்டு உடைத்துவிட்டாள். அதைக் கேட்டும் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜவஹர் கடைசி வரிசையில் இருந்ததைக் கவனித்தீர்களா? உங்கள் குரலையும் சேர்த்துப் படத்தை மறுபடி ஆப்பில் போட முடியுமா என்று மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நடந்தால் நல்லது. நடக்காவிட்டாலும் இந்தப் படம் வெளியாகிவிட்டது. எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் ரிலீஸ் தேதி.

அடுத்த கதையை எழுத ஆரம்பித்துவிட்டேன். வசனங்களுக்கு நடுவே உங்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் விடுகிறேன்.

தம்பி,
ஷரஃபுதீன்

---

சாந்தோம்
12 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று தியேட்டர் வாசலில் நான் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வேறு யாரோ எடுத்த படம், கூட்டமில்லாத மத்தியானக் காட்சிக்குக் கூப்பிட்டீர்கள். வழக்கம்போல மேத்யூவின் பக்கத்தில் உட்காரப் போனேன். “நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க அக்கா, இன்னிக்கு நான் சொல்றேன்” என்று நீங்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. படம் ஆரம்பித்ததும் வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டேன்.

ஏழு வருடங்களாக நான் ஒரு படத்தைக்கூடச் சும்மா பார்த்ததில்லை, தம்பி. ஒவ்வொரு காட்சியையும் வார்த்தையாக மாற்றிக்கொண்டே பார்த்துப் பழகிவிட்டேன். நேற்று கொஞ்ச நேரம் கழித்து அது நின்றது. ஒரு மரம் வந்தது, அதை மரம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாரோ நடந்து போனார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாப்கார்ன் முழுவதையும் நானே சாப்பிட்டேன். நடுவில் நீங்கள் மேத்யூவின் காதில் என்னவோ சொல்ல, அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதுவும் புதிதாக இருந்தது.

ஆட்டோவில் வரும்போது மேத்யூ, “படம் எப்படி கீது?” என்றார். நன்றாக இருந்தது என்றேன். “கதை புரிஞ்சுதா உனக்கு?” என்றார். பாதி புரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. ஆழ்வார்பேட்டையிலிருந்து வீடுவரை முழுக் கதையையும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கெங்கே கவனிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டி.

கடைசியில் அந்தப் பெரியவர் கதவைத் திறந்து வெளியே போகிறாரே, அந்த இடத்தில் கொட்டுகிற மழையைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னார். முதல் துளி அவர் கண்ணாடியில் எப்படி விழுந்தது, பிறகு தெரு முழுக்க எப்படி வெள்ளியாக மாறியது என்றெல்லாம்.

அந்தக் காட்சியில் மழையே இல்லை, தம்பி. நல்ல வெயில். ஒரு வார்த்தைக்காக என்னோடு இரண்டு மாதம் சண்டை போட்ட மனிதர் நீங்கள், இல்லாத மழையையே அவர் காதில் பெய்ய வைத்திருக்கிறீர்கள்.

நான் மேத்யூவைத் திருத்தவில்லை. சாந்தோமில் இறங்கும்போது அவர் வழக்கத்துக்கு விரோதமாக மெதுவாக இறங்கி, தரை ஈரமாக இருக்கும், பார்த்து வா என்றார். சரி என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அன்புடன்,
அக்கா